உப்புப் போடாத பத்திரம்

“நாளது தேதி முதல் இந்த வீட்டில் உப்புப் போட்ட காய்கறி நுழையக் கூடாது!”

இந்த வரியை நீங்கள் சரியாக வாசிக்கவில்லை. எங்கள் அப்பா குரலில் வாசிக்க வேண்டும். மூக்கால் ஆரம்பித்து, ‘உப்பு’ வந்ததும் நெஞ்சுக்கு இறக்கி, ‘கூடாது’ என்கிறபோது மேசையைத் தட்ட வேண்டும். மேசை இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் முதுகு. ஒன்பதாம் வகுப்பு முழுவதுக்கும் நான் இதைச் செய்து காட்டினேன். பாராட்டாக ஒரு பீரியடு பெஞ்சு மேல் நிற்க வைத்தார்கள்.

அப்பா தென்காசியில் பத்திர எழுத்தர். பெயர் சிவனணைந்தபெருமாள். கையெழுத்துப் போட்டால் ஒரு முழு வரி போய்விடும். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் அவர் எழுதுகிற பத்திரத்தைத் திருநெல்வேலி கோர்ட்டே எழுந்து வந்தாலும் அசைக்க முடியாது என்று பேர். அந்தப் பேரைக் கிளப்பிவிட்டவரும் அப்பாதான். “எழுத்துல இருந்தா உண்டு. இல்லைன்னா இல்ல.” இதைத் தினமும் பத்துப் பேரிடமாவது சொல்லாமல் வீடு திரும்ப மாட்டார்.

அப்பேர்ப்பட்டவர் போன வருஷம், அதாவது 1962 ஆடிச் சாரலில், குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார். போனவர் அருவியில் நனைந்துவிட்டு வந்திருக்கலாம். தளவாயிடம் எண்ணெய் தேய்க்கப் படுத்தார். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற தளவாய், குப்புறப் படுத்திருக்கும் மனுஷன் எதையும் ஒப்புக்கொள்வான் என்று கண்டுபிடித்தவர். (இவர் குரலுக்கு நடுநடுவே உங்கள் தொடையை நீங்களே அறைந்துகொள்ளவும்.)

“என்ன அண்ணாச்சி, பட்! ஒடம்பு இப்படி உப்பிக் கெடக்கு? பட்! உப்புப் போட்ட காயத் தின்னா உப்பாம என்ன செய்யும்? பட்!”

வயலில் தூவுகிற வெள்ளை உரத்துக்கு எங்கள் பக்கத்தில் ‘உப்பு’ என்றுதான் பேர். டிப்போவில் மூட்டை மூட்டையாக வரும். தூவின மறுவாரமே கத்தரிக்காய் பலூன் மாதிரி ஊதும். குழம்பில் போட்டால் கரைந்து தலைமறைவாகிவிடும். சாணியும் குப்பையும் தின்று வளர்ந்த காய் அப்படியில்லை. ஆள் சின்னது. ருசி பெரிது. இதை எங்கள் அம்மா மங்களேஸ்வரி நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா வாயால் சொன்னது அப்பா காதில் ஏறவில்லை. தளவாய் கையால் சொன்னது முதுகு வழியாக ஏறிவிட்டது.

வந்ததும் வெள்ளைத்தாள், பேனா. “நாளது தேதி முதல்...” என்று தொடங்கி, நான் மேலே சொன்ன வாசகத்தை எழுதி, “இதை மீற யாருக்கும் எக்காலத்தும் பாத்தியம் இல்லை” என்று முடித்து, ஒரு வரிக் கையெழுத்தும் போட்டு அடுக்களைக் கதவில் ஒட்டினார். சாட்சி ஒன்று, எதிர்வீட்டு செல்லச்சாமி மாமா. சாட்சி இரண்டு, மகள் பேராச்சி, அதாவது நான்.

அம்மா கரண்டியோடு வந்தாள்.

“அப்பம் காய்க்கு எங்கன போவேன்? ஊர்ல எல்லாவனும் உப்புத்தான போடுதான்?”

“அது ஒன் பாடு.”

“கடையத்துல எங்க கைலாசம் அண்ணன் பதினோரு வருசமா ஒரு பசு தாரேன்னு சொல்லிக்கிட்டிருக்கான். பொறவாசல்ல கட்டுனா எருவுக்கு எருவாச்சு. நாலு கத்தரி, நாலு வெண்டி வச்சா...”

“பசுவா? சாணி நாத்தம் யாரு தாங்குதது? அதெல்லாம் ஆவாது!”

“சாணி போட்ட காயி வேணும். சாணி வேண்டாம். அப்படித்தான?”

“அப்படித்தான்.”

அம்மா கதவில் இருந்த தாளை ஒருதரம் வாசித்தாள். இன்னொருதரம் வாசித்தாள். அஞ்சாம் வகுப்புப் படிப்பு. எழுத்து எழுத்தாகத்தான் வாசிப்பாள்.

“கையெழுத்துப் போட்டாச்சுல்லா?”

“போட்டாச்சு.”

“நல்லது.”

அம்மா ‘நல்லது’ என்று சொன்னால் யாருக்கோ நல்லதில்லை என்று அர்த்தம்.

மறுநாள் மத்தியானம் கீழப்பாவூர்க்காரி ஒருத்தியிடம் கெஞ்சி வாங்கின சின்னக் கத்தரிக்காயில் குழம்பு. அப்பா ஒரு வாய் வைத்தார். முகம் ரப்பர் ஸ்டாம்பு மாதிரி சப்பையாகிவிட்டது.

“ஏட்டி, உப்பு எங்க?”

“உப்புப் போட்ட காய் கூடாதுன்னு எழுதியிருக்கு.”

“அது வயல்ல போடுத உப்பு!”

“பத்திரத்துல வயல்னு எங்கன இருக்கு?”

அப்பா எச்சில் கையோடு எழுந்து போய்க் கதவைப் பார்த்தார். முன்னால் பார்த்தார். கதவைத் திறந்து பின்னாலும் பார்த்தார். வயல் இல்லை.

“சரி, ரசத்த ஊத்து.”

“ரசத்துல தக்காளிக்காய் கெடக்கு. உப்பில்ல.”

“மோரு?”

“கறிவேப்பில போட்டிருக்கேன். காய்கறியில ‘கறி’ இருக்குல்லா?”

“ஊறுகாயாவது வையி, தாயே!”

“ஊறு‘காய்’.”

“அப்பளம்! அப்பளத்துல காயும் இல்ல, கறியும் இல்ல!”

“இல்ல. அப்பளமும் இல்ல.”

அப்பா வாயைத் திறந்தார். அம்மா மூக்கால் ஆரம்பித்து, நெஞ்சுக்கு இறக்கி, ரசச் சட்டியைத் தட்டி முடித்தாள்: “எழுத்துல இருந்தா உண்டு. இல்லைன்னா இல்ல!”

எனக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தாளைக் கிழித்துப் போட்டால் தீர்ந்தது என்பீர்கள். கிழிக்க முடியாது. எதிர்வீட்டில் சாட்சி இருக்கிறார். செல்லச்சாமி மாமாவுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் தந்தி ஆபீசுக்கு வேலை மிச்சம். ஒரு சொல்லை விட்டு எழுதிய பத்திர எழுத்தர் என்று வேப்பமரத்தடிக்குத் தெரிந்தால் அப்புறம் யார் எழுத வருவார்கள்? ஆகவே அப்பா மார்பை நிமிர்த்தி, “உப்பில்லாததுதான் உண்மையான ருசி” என்று தெருவுக்குக் கேட்கும்படி அறிவித்தார். அடுத்த நாள் முதல் மூக்குப்பொடி டப்பாவோடு சாப்பிட உட்கார்ந்தார்.

அப்பாவுக்கு மூக்குப்பொடிப் பழக்கம் கிடையாது.

இரண்டாவது நாள் நான் கவனித்தேன். அம்மா திரும்பினால் டப்பா திறக்கும், ஒரு சிட்டிகை இலையில் விழும். மூன்றாவது நாள் அந்தப் பொடியுப்பைக் கொட்டிவிட்டுச் சீனியை நிரப்பி வைத்தேன். நாலாவது நாள் கத்தரிக்காய்க் குழம்பில் அப்பா நாலு சிட்டிகை, அதுவும் தாராளமாக, தூவிப் பிசைந்து வாயில் வைத்தார். அந்த நேரம் பார்த்து நான் வாசல் பக்கம் நின்று, தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு செல்லச்சாமி மாமா குரலில் கேட்டேன்:

“என்ன அண்ணாச்சி, உண்மையான ருசி எப்படி இருக்கு?”

துப்பவும் முடியாது. முழுங்கவும் முடியாது. “அ...மிர்தம்!” என்றார் அப்பா. இரண்டு கண்ணிலும் தண்ணீர்.

அம்மா டப்பாவைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அஞ்சாவது நாள் காலையில் அப்பா அடுக்களை வாசலில், வக்கீலைத் தேடி வந்த கட்சிக்காரர் மாதிரி நின்றார்.

“மங்களம், பத்திரத்துல ஒரு சொல்லு விட்டுப்போனா அதுக்குன்னு ஒண்ணு உண்டு. பிழைதிருத்தல் பத்திரம். ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டாச் செல்லும். போடுதியா?”

“போடுதேன். என் தரப்பையும் எழுதுனா போடுதேன்.”

அன்றைக்குப் பத்திரம் எழுதியது நான். அப்பாவுக்கு உப்பில்லாமல் கை நடுங்குகிறதாம். அவர் வாசகம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஷரத்து ஒன்று: சட்டியில் உப்பு உண்டு, பாத்தியில் உப்பு இல்லை. இரண்டு: புறவாசலில் காய்கறித் தோட்டம். மூன்று: கடையத்துப் பசு. இதைச் சொல்லும்போது அப்பாவுக்குப் பல் கூசியது.

“நாலாவது,” என்றாள் அம்மா. “சாணி அள்ளுதது யாரு? அதையும் எழுதணும். நான் அடுப்பு வேலய வச்சிக்கிட்டு அதையும் பாக்க முடியாது.”

அப்பா மேலே பார்த்தார். கீழே பார்த்தார். முகத்தில் அஞ்சு நாள் கழித்து உப்பு ஏறியது.

“எழுது பேராச்சி. சாணி அள்ளுவது இதை எழுதியவர் பொறுப்பு.”

பத்திரத்தில் ‘எழுதிக்கொடுப்பவர்’ வேறு, ‘எழுதியவர்’ வேறு. எழுதிக்கொடுப்பவர் அப்பா. எழுதியவர் என்பது பேனா பிடித்த ஆள். கடைசியில் ‘இதை எழுதியவர்: பேராச்சி’ என்று சுழித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எனக்கு வெளிச்சமே வந்தது. அப்பா தாளை ஊதிக் காயவைத்துக்கொண்டே கண்ணடித்தார்.

விடுவேனா? பசு வந்து சேர்ந்த அன்றே வழக்கைத் தொடங்கினேன்.

“வாசகம் முழுக்க அப்பா சொன்னது. அவுகதான் எழுதினவுக. நான் வெறும் கை!”

“பேனா யாரு பிடிச்சா? நான் எழுதவே இல்ல. ஒரு எழுத்துக்கூட எழுதல!”

“நானும் எழுதல!”

“நானும்தான்!”

அம்மா நடுவில் புகுந்தாள். “சரி, சரி. எழுதினது யாருன்னு தெரியுத வரைக்கும் நானே அள்ளுதேன்.”

ஜெயித்தேன் என்று நான் நினைத்தேன். ஜெயித்தேன் என்று அப்பாவும் நினைத்தார்.

பசு சாணி போட்டது. அம்மா அள்ளினாள். மக்கினது பாத்திக்குப் போனது. புறவாசலில் உடைந்த ஓடு கிடந்த இடமெல்லாம் பச்சை. அப்பா முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிறகு பொத்தாமல் பார்த்தார். புரட்டாசியில் பல் விளக்கிக்கொண்டே கத்தரிப் பூக்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். கார்த்திகையில் காய் வந்தது. கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிசு, ஊதா நிறம், தொட்டால் விரல் வழுக்கும்.

முதல் காய்ப்புக்குச் செல்லச்சாமி மாமாவையும் கூப்பிட்டோம். எண்ணெய்க் கத்தரிக்காய், சட்டியில் உப்போடு. மாமா ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினார். திறக்கவே நேரமாயிற்று.

“அண்ணாச்சி, இதல்லவா காயி! எங்க வீட்டுலயும் நாலு செடி வைக்கச் சொல்லி ஒரே பிடுங்கல். நீங்க கதவுல ஒட்டியிருக்க புதுப் பத்திரத்தப் பாத்துட்டு இந்தத் தெருவுலயே மூணு வீட்டுக்காரக நகலு கேக்காக. வேப்பமரத்தடியிலயும் அதே பேச்சு. அவ்வளவு நயமான வாசகம்! யாரு எழுதினது?”

அப்பாவுக்கு மார்பு உப்பியது. “வேற யாரு? நாந்தான் எழுதினேன்!”

எனக்குப் பொறுக்கவில்லை. “இல்ல மாமா, அது என் கையெழுத்து! நாந்தான் எழுதினேன்!”

“வாசகம் என்னுது. எழுதினது நான்!”

“பேனா என்னுது. எழுதினது நான்! எதிர ஒரு சாட்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுதேன்!”

அம்மா அடுக்களையிலிருந்து வந்து, மாமாவுக்கு இன்னும் இரண்டு கத்தரிக்காய் வைத்தாள். பிறகு கதவு மூலையில் சாத்தியிருந்த சாணிக்கூடையை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

“நல்லது. காலச் சாணி அவுகளுக்கு, சாயங்காலச் சாணி ஒனக்கு.”