ஹந்தானை லயத்துக்கு வெள்ளையடித்த விஷயம்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டம்,
மேற்கணக்கு லயம்.

அன்புள்ள இராமநாதன் மாமாவுக்கு,

எங்கள் கூரை இன்னும் ஒழுகுவதற்குக் காரணம் நீங்கள்தான். மற்றபடி இங்கு எல்லோரும் சுகம். நீங்களும் அத்தையும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறோம். போனை நீங்கள் எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கடை விஷயம். பழைய கண்டியின் முகத்தைக் காப்பாற்ற, நீங்கள் வேலை செய்யும் பழங்கட்டடக் கந்தோர் போட்ட உத்தரவுப்படி, நான் துணி அளக்கும் ஹாஷிம் முதலாளியின் கடை முகப்பிலிருந்த அலுமினியத் தகட்டையும் பிளாஸ்டிக் போர்டையும் போன மாதம் கழற்றினோம். "போர்ட் இல்லாத கடையும் மீசை இல்லாத ஆம்பளையும் ஒண்டு" என்று முதலாளி காலையிலிருந்து புலம்பினார். அவருக்கே மீசை இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசித் தகடு இறங்கியதும் தெருவே திரும்பிப் பார்த்தது. மேல்மாடி முழுவதும் பலாமரத்தில் கொடியும் அன்னமுமாகச் செதுக்கிய பலகணி, அதற்குப் பின்னால் நீலமும் சிவப்புமாகக் கண்ணாடிச் சன்னல்கள். வெயில் பட்டதும் அந்த நிறங்கள் எதிர்க்கடைச் சுவரில் போய் விழுந்தன. பேராதனை பஸ்காரர் நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் ஹோன் அடிக்கவில்லை, அவர்களும் அண்ணாந்துதான் நின்றார்கள். டவுன் மாளிகையைக் காப்பாற்றி எனக்கென்ன, மலையில் தேயிலை வளர்த்தவனுக்கு டவுனில் ஒரு சாண் நிலமில்லை என்று உங்கள் வீட்டிலேயே சண்டை பிடித்தவன் நான். அன்றைக்கு என் வாயும் திறந்தபடியே இருந்தது. எவனோ பெயர் தெரியாத தச்சன், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத இறகைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறான். முதலாளி மெதுவாகச் சொன்னார்: "யா அல்லாஹ், இதுக்கு மேலயா நான் ஆணி அடிச்ச?"

அந்த மயக்கத்தில்தான் உங்களை நம்பினேன். வெள்ளைக்காரன் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடு, லயமும் பழசுதான், கந்தோர் ஐயாமார் பார்த்துப் பாதுகாக்கும் பட்டியலில் சேர்த்தால் கூரையை அவர்களே மாற்றித் தருவார்கள் என்றீர்கள். நல்ல யோசனை. ஆனால் அப்பாவிடம் என்ன சொன்னீர்கள்? "பெரிய ஐயாமார் லயம் பார்க்க வாறாங்க" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டீர்கள். லயத்தில் பிறந்தவர் நீங்கள். தோட்டத்துத் தொரை வருகிறார் என்றால் லயத்துச் சனம் என்ன செய்யும் என்று தெரியாதா? சாக்கடைக் கான் துப்புரவாக்கும், வெள்ளையடிக்கும். அப்பா தலைமையில் லயமே திரண்டு, கரி படிந்த சுவர், இஸ்தோப்புத் திண்ணைத் தூண், படிக்கல் என்று அசையாத எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்தது. மிஞ்சியதைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக் கல்லுக்கும் அடித்தார்கள். கதவுகளுக்குப் பச்சைப் பெயின்ட்.

உங்களோடு வந்தவர்கள் ஜீப்பிலிருந்து இறங்கி, கையிலிருந்த பழைய படத்தையும் லயத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். இடம் மாறி வந்துவிட்டோமா என்று கண்ணாடி போட்ட அதிகாரி நோனா உங்களிடம் கேட்டார். அப்பாவுக்கு ஒரே பெருமை. "எப்புடிங்க ஐயா, புதுசு மாதிரி இருக்குதுங்களா?" என்றார். நீங்கள் அதைச் சிங்களத்தில் சொல்லவில்லை, கவனித்தேன். பழமை போய்விட்டது, சேர்க்க முடியாது என்றார்கள். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மாமா, கரியும் ஒழுக்கும் இருந்தால் பழமை, மனுசன் மரியாதைக்கு ஒரு வாளி சுண்ணாம்பு அடித்தால் குற்றமா? அந்த அன்னத்தைச் செதுக்கக் காசு விளைந்ததே இந்த மலையில்தான். இங்கே ஆள் நனையாமல் தூங்குவது ஏன் உங்கள் பட்டியலில் வரவில்லை? இனி உங்கள் கந்தோர்க்காரர் யாரும் இந்த மலை ஏற வேண்டாம். தகரம் நானே வாங்கிப் போடுகிறேன். நீங்களும் தீபாவளிக்கு வர வேண்டாம். அத்தை வரலாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீங்கள் திருந்தும் பட்சத்தில் கதிர்காமக் கந்தன் உங்களுக்கும் துணையிருப்பான்.

இப்படிக்கு,
மருமகன் கணபதி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். நேற்று அடித்த மழையில் சுண்ணாம்பு முழுவதும் கழன்று கானில் பாலாக ஓடிவிட்டது. காலையில் வெளியே வந்து பார்த்தேன். கருங்கல் சுவர் ஈரத்தில் யானை முதுகுபோல் மின்னுகிறது, ஒவ்வொரு கல்லிலும் உளி பட்ட தடம். கரியும் கூடவே போய்விட்டது. இங்கேயே பிறந்தும் இதை நான் பார்த்ததில்லை. கடைக்கு முன்னால் திறந்த வாய் மறுபடியும் திறந்தது. உள்ளே அம்மா இருக்கிற சட்டியையெல்லாம் ஒழுக்குக்கு வைத்திருக்கிறார். பச்சைப் பெயின்டை நான் சுரண்டிவிடுகிறேன். ஆனால் அப்பா, ஐயாமார் திரும்பி வந்தால் லயம் இந்தக் கோலத்திலா இருப்பது என்று புதுச் சுண்ணாம்பு கரைக்கிறார், சொன்னால் கேட்கிறாரில்லை. தபாலை நம்பாமல் உங்கள் கந்தோர் வாசலில் நின்றுதான் இதை எழுதுகிறேன். கடிதத்தைப் பியோனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் உள்ளேதான் இருப்பதாக அவர் சொல்கிறார். அப்பா வாளியத் தூக்கிறதுக்குள்ள அந்த நோனாவையும் கூட்டிக்கிட்டு வெளிய வாங்க மாமா.