மீட்டரில் குடியிருந்த பேய்

மின்சாரச் சித்தர் எங்கள் தெருவுக்கு வந்ததிலிருந்து பல் டாக்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பல்வலிக்காரர்களும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சித்தர் வரிசையில்தான் நின்றார்கள்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு வீட்டு மீட்டருக்குள்ளும் 'மின்தின்னி' என்றொரு பேய் குடியிருக்கிறதாம். யூனிட் யூனிட்டாக விழுங்கிவிட்டுப் பில்லை மட்டும் நம் தலையில் கட்டுகிறதாம். சித்தர் மீட்டர்மேல் உள்ளங்கையை வைத்தால் பேய் சுருண்டு படுத்துவிடும். மேலே ஒரு செப்புத் தகட்டை ஒட்டிவிட்டால் ஆயுளுக்கும் எழுந்திருக்காது. தகட்டின் விலையைக் கேட்டால் நாம் எழுந்திருக்க மாட்டோம்.

அதற்கும் வழி வைத்திருந்தார் மகான். வீட்டில் மின்செலவைக் குறைக்கும் வேலை செய்தால், அதற்கு ஆகும் தொகையை வங்கி வீட்டுக் கடனோடு சேர்த்துத் தருகிறது. கூரையில் வெப்பத்தைத் தடுக்க, ஜன்னல் இடுக்கை அடைக்க என்று தரும் பணம். சித்தரோ 'மின்சேமிப்பு மேம்பாட்டுப் பணி' என்று ரசீதே அச்சடித்து வைத்திருந்தார். பேயோட்ட வீட்டை அடமானம் வைக்கத் தெருவே முண்டியடித்தது. நானும் ஒரு விண்ணப்பம் வாங்கினேன். சிரிக்காதீர்கள்.

பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் கையெழுத்தே போட்டுவிட்டார். ஆனால் வீடு அவர் மனைவி பேரிலும் இருந்தது. தையலக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். மாடியில், கொதிக்கிற தகரக் கூரைக்குக் கீழே, மூன்று மின்விசிறியைச் சுழலவிட்டுத் தைக்கிறவர்.

"கூரைய மாத்தத்தான் கடன் வேணும். பேய்க்கெல்லாம் என் வீட்ட எழுதித் தர மாட்டேன்" என்றார்.

"ஊரே நம்புது, உனக்கு மட்டும் என்னவாம்?"

"சரி, நம்ம மீட்டர் அடங்கட்டும், கையெழுத்துப் போடறேன். அடங்கலேன்னா கடன் கூரைக்குத்தான்."

மறுநாள் காலை தெருவே அவர்கள் வாசலில் கூடியது. சித்தரின் முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் வீட்டிலுள்ள அத்தனை சாதனங்களையும் போட்டுவிட வேண்டும், பேய் முகத்தைக் காட்ட வேண்டுமே! பிறகு வீட்டார் வெளியே வந்துவிட வேண்டும். தலைமைச் சீடர் மட்டும் புகைச்சட்டியோடு உள்ளே போய் அறைகளைச் சுத்திகரிப்பார்.

தையலக்கா எல்லாவற்றையும் போட்டார். வெளியே வந்தார். கதவைப் பூட்டினார். சாவியைச் சித்தர் கையிலேயே கொடுத்தார்.

"சாமி, உள்ளே ஈ காக்கா கிடையாது. இப்பக் கைய வைங்க."

"மகளே, சீடன் உள்ளே போகணுமே..."

"பேய் மீட்டர்லதானே இருக்கு? அடுப்படியில அவருக்கு என்ன வேலை?"

கூட்டம் "அதானே!" என்றது. எங்கள் தெருவில் அப்படியொரு சொல்லை நான் கேட்டது அதுவே முதல்முறை.

சித்தர் கையை வைத்தார். மின்சாரம் கூடக்கூட வேகமாகச் சிமிட்டும் மீட்டரின் சிவப்பு விளக்கு படபடவென்றே சிமிட்டியது. இரண்டு கையையும் வைத்தார். நெற்றியையும் வைத்தார். விளக்கு சட்டை செய்யவில்லை. வியர்வையில் தாடியின் ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"ஏதாவது பண்ணேன்டா!" என்று சீடரைப் பார்த்துக் கத்தினார்.

"உள்ளே போகாம ஹீட்டர எப்படி மாமா அணைக்கிறது?" என்றார் தலைமைச் சீடர், பரிதாபமாக.

தையலக்கா சாவியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். 'டப்' என்று ஒரு சத்தம். விளக்கு சோம்பலாக, ஆற அமரச் சிமிட்டத் தொடங்கியது. மாமனும் மச்சானும் புகைச்சட்டியைப் போட்டுவிட்டு எடுத்த ஓட்டத்தில், ஒட்டுத்தாடி மட்டும் படியில் மிஞ்சியது. டிரைவர் தலையைச் சொறிந்தபடி பேனாவை நீட்டினார்.

"கூரைக்கே போடும்மா."

தையலக்கா கையெழுத்துப் போட்டார். நான் பெருமூச்சு விட்டு என் விண்ணப்பத்தைக் கிழித்தேன். புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த நொடி முன்வரிசையில் நின்ற பல்வலிக்காரர் தடாலென்று அக்காவின் காலில் விழுந்தார்.

"தாயே! கைகூட வைக்காம அடக்கிட்டீங்களே! எங்க வீட்டுக்கும் ஒரு நட வாங்க!"

அவர் பின்னாலேயே ஒரு வரிசை உருவாகிவிட்டது.

தையலக்கா இடுப்பில் கை வைத்து அந்த வரிசையைக் கடைசிவரை பார்த்தார்.

"மூளைக்கு யாரும் மீட்டர் மாட்டலப்பா. எவ்வளவு ஓட்டினாலும் பில் வராது. ஒரு தடவையாவது போட்டுத்தான் பாருங்களேன்!"