அம்மனுக்கு கேஸ் ஏற்றிய மெக்கானிக்

2003ஆம் வருஷத்துக் கத்திரி வெயிலில் திருவொற்றியூரே வெந்துகொண்டிருந்தது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டது. ஆனால் எண்ணூர் ஹைரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் மட்டும் அம்மன் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

நம்பவில்லையா? ஊரே நம்பியது, உங்களுக்கு என்ன வந்தது? சடையங்குப்பத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து கடையைச் சாத்திவிட்டு வந்தார்கள். சீதளானந்த சாமிகளின் மடத்தில், பீடத்தின் மேல் ஒரு செம்புக் கலசம். சாமி கண்ணை மூடுவார். பக்தர்கள் நூற்றெட்டுப் போற்றி சொல்வார்கள். சுவருக்குள்ளிருந்து 'ம்ம்ம்' என்று ஓங்காரம் கிளம்பும். சற்று நேரத்தில் கலசத்தின் மேல் வெள்ளை வெளேரென்று பனி பூக்கும்! அதை சாமி விரலால் வழித்து நெற்றியில் தடவினால் சூட்டு வியாதி ஓடிப்போகும். எதெல்லாம் சூட்டு வியாதி? சாமியிடம் வருகிற வியாதி எல்லாமே சூட்டு வியாதிதான்.

ஒரே ஒரு சிக்கல். கரண்ட் போனால் அம்மன் வரமாட்டாள். "இருளில் அம்மன் மௌனம் காப்பாள்" என்பார் சாமி. பகல் பதினொரு மணிக்குக் கரண்ட் போனாலும் அதேதான் சொல்வார். பகலில் ஏது இருள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாமி அந்தக் காலத்தில் பக்தவச்சலம் என்ற பெயரில் காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனியில் மிஷின் ஓட்டியவர் என்பதும் ஒருவருக்கும் தெரியாது.

அந்தச் சந்து வழியாகப் போகும்போதெல்லாம் ஏசி மெக்கானிக் பகலவன் சிரித்துக்கொண்டுதான் போனான். சாமியின் பேச்சு அவன் வீட்டுக்குள்ளேயே வந்தபோது சிரிப்பு நின்றது.

அவன் மனைவி மலர்க்கொடிக்கு டி.பி. ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். மூன்றாவது மாதத்தில் இருமல் அடங்கி, கன்னத்தில் கொஞ்சம் சதையும் போட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய அம்மா கெங்கம்மா அவளை மடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் எந்த நிறம், தாயே?" என்று சாமி கேட்டார்.

"செவப்பா போவுது, சாமி."

"ரத்தம் கொதித்து வெளியேறுகிறது! அந்த மாத்திரையே சூடு. அம்மன் தட்டில் போட்டுவிட்டுப் போ."

போட்டுவிட்டு வந்தாள். விஷயம் தெரிந்ததும் பகலவன் குதித்தான்.

"அது மாத்திரையோட சாயம், பயப்படாதன்னு டாக்டரம்மா மொத நாளே சொல்லல?"

"சாயம் துணிலதான்யா கீது, ஒடம்புல எப்டி வரும்?" என்றாள் மலர்க்கொடி.

"நீ சும்மா இரு மாப்ள. நாங்க வாயே தொறக்கல, சாமி எல்லாத்தையும் கண்டுபுட்ச்சிட்டாரு" என்றாள் கெங்கம்மா. கேட்டுத்தான் கண்டுபிடித்தார் என்பது அதற்குள் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

மூன்று வாரத்தில் இருமல் திரும்பி வந்தது. முந்தானையில் ரத்தப் பொட்டும் வந்தது. "சூடு வெளிய வருது" என்று கெங்கம்மா சந்தோஷப்பட்டாள். பகலவன் திட்டினான், கெஞ்சினான், கடைசியில் மலர்க்கொடியின் காலைக்கூடப் பிடித்துப் பார்த்தான். ஊர் வீட்டு மிஷினையெல்லாம் சரிசெய்கிற தன்னால் சொந்த மனைவியைக் காப்பாற்ற முடியவில்லையே என்று புலம்பினான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சாமியின் சிஷ்யன் பரசுராமன் கடைக்கு வந்து நின்றான். "மடத்துல ஒரு ஏசி. கூலிங் வரமாட்டேங்குது. எப்பவும் வர ஆளு ஊர்ல இல்ல. கொல்லப் பக்கமா வா, யார்கிட்டயும் மூச்சு வுடாத."

கொல்லையில் பூட்டிய ஒரு கொட்டகை. உள்ளே கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இரண்டு செம்புக் குழாய்கள் சுவருக்குள் நுழைந்தன.

"உள்ள வெச்ச மிஷின் எங்க கீது?" என்றான் பகலவன்.

"அத்த நீ பாக்க வோணாம். கேஸ் மட்டும் ஏத்து."

பகலவன் குழாயில் கேஸ் மீட்டரை மாட்டினான். முள் கீழே கிடந்தது. சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தான். ஒரு நட்டில் குமிழி கிளம்பியது. கேஸ் அங்கேதான் கசிந்துகொண்டிருந்தது. நட்டை இறுக்கிவிட்டு சிலிண்டரைத் திறந்தான். முள் மெல்ல ஏறியது. குழாயில் வெள்ளை படர்ந்தது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் நூறு தொண்டைகள் ஒன்றாக அலறின.

"அம்மா வந்துட்டா! அம்மா வந்துட்டா!"

பகலவன் தன் கையிலிருந்த சிலிண்டரைப் பார்த்தான். அம்மன் அதிலிருந்துதான் புறப்பட்டுப் போயிருந்தாள்!

அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு ரத்தம் கொதித்தது. இது நிஜமான கொதிப்பு. மெயினை அணைத்து, போர்டிலிருந்த ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பரசுராமன் "டேய், டேய்" என்று துரத்தி வருவதற்குள் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டான்.

கூடத்து விளக்கு வேறு லைன். மின்விசிறியும் அதே லைன். அவை ஓடிக்கொண்டிருந்தன. ஓங்காரம் மட்டும் நின்றுபோயிருந்தது. கலசத்துப் பனி நீராகி வழிந்தது. சாமியின் நெற்றியும் வழிந்தது.

"தீட்டு!" என்று சாமி கத்தினார். "இங்கே யாரோ இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார்கள்! அம்மன் கோபித்துக்கொண்டாள்!"

முன்வரிசையில் இருமிக்கொண்டிருந்த மலர்க்கொடியை நூறு ஜோடிக் கண்கள் முறைத்தன. அவள், "நான் முழுங்கலியே" என்று அழுதாள்.

பகலவன் கட்டையைத் தூக்கிக் காட்டினான். "தீட்டு இங்க என் பையில கீது! சண்டை வோணாம். ரெண்டே பரீட்சை வெப்போம். மொதல்ல இந்தக் கட்டை இல்லாம நீங்க போற்றி சொல்லுங்க."

சொன்னார்கள். தொண்டை கிழியச் சொன்னார்கள். நூற்றெட்டு முடிந்து இன்னொரு நூற்றெட்டும் ஆயிற்று. கலசத்தில் மீதியிருந்த பனியும் சொட்டு சொட்டாக விழுந்ததுதான் மிச்சம்.

"இப்ப யாரும் வாயத் தொறக்காதீங்க. சாமி, நீயும்தான். அத்தை, என்கூட வா. கட்டைய நீயே உன் கையால சொருவு."

கொட்டகையில் கெங்கம்மாவின் கையாலேயே கட்டையைச் சொருகவைத்தான். மெயினைப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னா மாப்ள, அம்மா வரலியே?"

"மூணு நிமிஷம் பொறு. கரண்ட் வந்தவொடனே மிஷின் ஓடுனா கெட்டுப்பூடும்னு ஸ்டெபிலைசர் புட்ச்சி வெச்சிகினு கீது. அந்த மூணு நிமிஷம் தெரியாம இருக்கத்தான் உங்கள போற்றி சொல்ல வெச்சான்."

'டக்' என்று ஒரு சத்தம். கம்ப்ரஸர் உறுமியது. இருவரும் கூடத்துக்குத் திரும்பினார்கள். ஒரு ஈ பறந்தால் கேட்கும் அமைதி. போற்றி இல்லை, பூ இல்லை, சாமி வாயைத் திறக்கவில்லை. கலசத்தின் மேல் வெள்ளைப் பனி சமத்தாகப் பூத்தது.

யாரோ ஓடிப்போய்க் கலசத்தைத் தூக்கினார்கள். ஒரு சாண் வந்தது, அதற்குமேல் வரவில்லை. அடியில் செம்புக் குழாய் நீண்டிருந்தது. அம்மனுக்கு வால்!

"கருவி மனிதன் செய்தது, குளிர்ச்சி அம்மன் கொடுத்தது" என்று சாமி ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை. வேட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடியவரை மீன்காரப் பெண்கள் மடக்கிப் பிடித்து, போலீஸ் வரும்வரை அவர் பீடத்திலேயே உட்காரவைத்தார்கள்.

கெங்கம்மா அம்மன் தட்டின் முன்னால் உட்கார்ந்து, குவிந்து கிடந்த மாத்திரைகளுக்குள் மகளுடையதைத் தேடினாள்.

"இனிமே மிச்சத்த முழுங்கினா போதுமா?" என்று மலர்க்கொடி மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டரம்மா சொல்லணும். மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு சொன்னாலும் ஆரம்பிச்சுத்தான் ஆவணும்" என்றான் பகலவன்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒருத்தி, பெயர் கோவிந்தம்மா, பாய்ந்து வந்து கெங்கம்மாவின் காலில் தடாலென்று விழுந்தாள். "கெங்கம்மா! உன் கை பட்டுத்தானே அம்மா வந்தா! அந்தக் கையால என் புள்ள நெத்தியில கொஞ்சம் தடவி வுடு!"

கெங்கம்மா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எய்ந்திருடி! யோசிக்காம நான் பெத்த பொண்ணையே ரத்தம் துப்ப வெச்சவடி நானு. நீயாச்சும் மண்டைய என் கால்ல வெக்காம, கய்த்து மேல வெச்சி யோசி!"