மேஜைக்கடியில் ஒரு வெள்ளை ஷூ

இனி இந்த வீட்டில் என் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது டீக்கும் மூன்றாவது டீக்கும் நடுவில் முடிவு செய்தேன். முதல் டீயில் எனக்கு அந்தத் தைரியம் வராது. மூன்றாவதற்குள் போய்விடும்.

காரணம் என் புறாக்கள். மொத்தம் பதினாலு. பல்டி அடிக்கிற ஜாதி. துருக்கியில் பூர்சா நகரத்தில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டு பால்கனியில்தான் அவற்றின் கூடு. மேலே ஏறி நாலு பல்டி அடித்து இறங்கினால் தெருவே அண்ணாந்து பார்க்கும். கீழ்வீட்டு ஹிக்மெத் மட்டும் குனிந்து பார்ப்பான். கொடியில் அவன் சட்டை காய்கிறதல்லவா.

அன்று காலை என் மனைவி நெர்மின் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்.

"பால்கனியை மூடிக் கண்ணாடி போடப் போறேன்."

"அப்ப புறா?"

"புறாவுக்குக் கண்ணாடி போடத் தெரியாது. ஆள் வந்து போடுவான்."

"அதுங்க எங்கே போகும்னு கேக்குறேன்."

"றெக்கை இருக்கிறதுக்கு இடமா இல்ல? பால்கனியில ஒரு நாற்காலி போட்டு உக்கார எனக்குத்தான் முப்பத்தோரு வருஷமா இடமில்ல."

"இந்த வீட்ல முடிவெடுக்கிறது யாரு, நெர்மின்?"

"அதுதான் கல்யாணத்தன்னிக்கே முடிவாயிடுச்சே. நான்தானே முதல்ல மிதிச்சேன்?"

இதுதான். முப்பத்தோரு வருஷமாக எந்தச் சண்டையும் இந்த வாக்கியத்தில் வந்து முட்டி நிற்கும். பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்ட உடனே, மாப்பிள்ளையும் பெண்ணும் மேஜைக்கடியில் ஒருவர் காலை ஒருவர் மிதிக்கப் பார்ப்பது எங்கள் வழக்கம். முதலில் யார் மிதிக்கிறாரோ அவர் சொல்தான் வீட்டில் செல்லும். எங்கள் ஊரில் பாதிப் பேர் இதை விளையாட்டு என்பார்கள். மீதிப் பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

நான் மினிபஸ் ஓட்டினவன். முப்பத்தாறு வருஷம் பிரேக் மிதித்த கால் இது. அந்தக் கால் எதை மிதித்தது, எப்போது மிதித்தது என்று அதற்குத் தெரியாதா? அன்றைக்கு மேஜைக்கடியில் அவளுடைய வெள்ளை ஷூவை மிதித்தேன். நன்றாக அழுத்தி மிதித்தேன். கூட்டம் விசில் அடித்தது. ஆனாலும் முதல் நாளிலிருந்தே அவள், "நான்தான் மிதிச்சேன்" என்கிறாள். சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அதுதான் எனக்குச் சந்தேகம்.

சாட்சி ஒன்று உண்டு. கல்யாண வீடியோ கேஸட். வீடியோக்காரர் கெட்டிக்காரர். காசுக்குப் பாட்டையும் ஆட்டத்தையும் எடுப்பார், பேர் வாங்குவதற்குக் கால்களை எடுப்பார். கேமராவோடு தரையில் படுத்து, மேஜை விரிப்பைத் தூக்கிப் பிடித்து எடுத்தார். கல்யாணமான மூன்றாம் மாதம் நெர்மினுடைய அண்ணன் வீட்டில் அந்தக் கேஸட்டைப் போட்டுப் பார்த்தோம். சரியாகப் பதிவாளர் பேனாவை மூடும்போது, கர்ர்ர் என்றது. அண்ணனுடைய டெக் டேப்பைத் தின்றுவிட்டது. அவர் பென்சிலை விட்டு இழுத்து, குடலை உருவுகிற மாதிரி வெளியே எடுத்தார். அன்றைக்கு மூடி வைத்ததுதான். முதலில் மிதித்தது யார் என்று டேப்பில் யாரும் பார்க்கவில்லை.

"இப்பல்லாம் பழைய கேஸட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுக்கிறாங்களாமே," என்றேன். "நம்மளதையும் ஏத்திடலாமா?"

வெண்ணெய்க் கத்தி நின்றது.

"எதுக்கு ருஷ்து? பழசைக் கிளறாதே."

"பாத்தா என்ன?"

"வேண்டாம்னா விடேன். அந்தக் கேஸட் எங்கே இருக்கோ, யாருக்குத் தெரியும்."

வேண்டாமாம்! பதினாறு வயதிலிருந்து எதற்கும் அஞ்சாதவள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு அஞ்சுகிறாள். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஒளித்து வைத்திருக்கிறாள்.

தேடினேன். அவள் மார்க்கெட்டுக்குப் போனால் நான் அலமாரிக்குப் போனேன். மெத்தைக்கடியில், துணிப்பெட்டியில், குளிர்கால ரஜாய் மடிப்பில், ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால், அவள் அம்மா கொடுத்த டீசெட்டுக்குள். ஜாடி ஒன்று விழுந்தது. பூனை என்றேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. புறா வளர்க்கிற வீட்டில் எப்படி இருக்கும்? அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை புறாவுக்குத் தீனி போடக் கோதுமை மூட்டைக்குள் கையை விட்டேன். என்னவோ கெட்டியாக இடித்தது. நைலான் பையில் சுற்றி, மேலே ரப்பர் போட்டு, கேஸட்!

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எவ்வளவு கெட்டிக்காரியானாலும் ஒளிக்கத் தெரியவில்லையே! இந்த வீட்டில் நான் ஒருவன் மட்டும் தினம் இரண்டு வேளை கையை விடுகிற மூட்டைக்குள்ளா கொண்டுபோய் ஒளிப்பது?

கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு ஃபெரித்தின் ஸ்டுடியோவுக்குப் போனேன். பாஸ்போர்ட் போட்டோ எடுப்பான். கூடவே பழைய கேஸட் எல்லாம் ஏற்றிக் கொடுப்பான். நல்ல பையன் என்பார்கள். நான் யாரையும் நல்லவன் என்று முன்கூட்டியே முடிவு செய்வதில்லை.

"வாங்க ருஷ்து அபி," என்றான். எங்கள் ஊரில் அபி என்றால் அண்ணன். கேஸட்டை வாங்கி, மூடியைத் தூக்கிப் பார்த்தான். "சுத்தமா இருக்கு."

"முப்பது வருஷக் கேஸட்டுல பூஞ்சை பிடிச்சு வெள்ளை வெள்ளையா இருக்கும்னாங்களே?"

"இதுல இல்ல அபி."

"நடுவுல ஒரு இடம் கசங்கியிருக்கணும். என் மச்சான் பென்சிலால இழுத்தது."

"நேரா இருக்கே."

"யாரு நேராக்கினது?"

ஃபெரித் மேஜையைத் துடைத்தான். "நாள் போனா எல்லாம் நேராயிடும் அபி."

எவ்வளவு பெரிய வார்த்தை! இந்த வயதில் இந்தப் பக்குவம்! கண் கலங்கிவிட்டது எனக்கு.

"கேஸட்டை விட்டுட்டுப் போங்க. ரெண்டே கால் மணி நேரம் எடுத்திருக்காங்க, ஏத்தவும் ரெண்டே கால் மணி நேரம் ஆகும். ஓட்டமா ஓட்டினா ஏறாது."

"விட்டுட்டா? நான் ஒண்ணும் நேத்துப் பொறந்தவன் இல்ல."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். யார் கண்டது? நெர்மின் ஒரு போன் போட்டால் போதும், மிதித்த இடத்தை வெட்டிவிட்டு யாராவது கேக் வெட்டுகிற இடத்தை ஒட்டிவிடுவான்.

சின்னத் திரையில் ஓடியது. மழை பெய்கிற மாதிரிக் கோடு. அதற்குள் நான், தலை நிறைய முடியோடு. என் அண்ணன் கொடுத்த கறுப்பு ஷூ, இரண்டு அளவு பெரியது, முன்னால் பஞ்சு அடைத்துப் போட்டிருந்தேன். நடக்கும்போது வாத்து மாதிரி நடக்கிறேன். பக்கத்தில் நெர்மின். எலும்பும் கண்ணுமாக இருக்கிறாள். எல்லோரும் பதிவாளரைப் பார்க்கிறார்கள், இவள் மட்டும் மேஜை விரிப்பைப் பார்க்கிறாள். அப்போதே அந்தத் திருட்டு முழி!

பதிவாளர் பேனாவை மூடினார். கூட்டம் "மிதி! மிதி!" என்று கத்தியது. கேமரா தரைக்கு இறங்கியது. விரிப்பு தூக்கியது. வெள்ளை ஷூ ஒன்று அசையாமல் இருக்கிறது. மேலேயிருந்து ஒரு கறுப்பு ஷூ. என் ஷூ! சிவப்பு விளக்கில் பிரேக் போடுகிற மாதிரி இறங்கியது பாருங்கள்!

"பாத்தியா! பாத்தியா!" ஃபெரித்தைக் கட்டிப் பிடித்தேன். இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தேன். "நான்தான்! நான்தான் முதல்ல!"

"அபி, இன்னும் கொஞ்சம் பாருங்களேன்."

"அதுக்கு மேல பாக்க என்னப்பா இருக்கு?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஒண்ணுமில்ல அபி. சந்தோஷமா இருங்க."

பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். நான் அதை சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். சட்டைப் பையை நெர்மின் சோதிப்பாள். சாக்ஸ் பக்கம் வர மாட்டாள்.

வீட்டுக்குப் போய் மெதுவாகத் தூண்டிலைப் போட்டேன்.

"நெர்மின், ஒருவேளை அந்தக் கேஸட் கிடைச்சா, அதுல நான் மிதிச்சிருந்தா, பால்கனி புறாவுக்குத்தானே?"

"கிடைச்சாப் பாத்துக்கலாம்."

"ரொட்டி மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணு."

"ஐயோ, ரொட்டி மேலயா? எனக்குப் பயமா இருக்கு ருஷ்து."

"பயமா இருக்கா! வை கையை!"

"நீயும் வைக்கணும். நான் மிதிச்சிருந்தா?"

"நீ என்ன சொல்றியோ அது. மூச்சுக் காட்ட மாட்டேன்." வைத்தேன். முழு ரொட்டியில், இரண்டு கையையும்.

"கிடைச்சிடுச்சு! ஞாயித்துக்கிழமை போட்டுப் பாப்போம், ஹிக்மெத்தையும் கூப்பிடுவேன்," என்றேன். " சாட்சி வேணும்."

"அவரு எதுக்கு? வேண்டாம்பா. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்!"

முகத்தை ஏப்ரன் நுனியில் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாகக்கூட இருந்தது.

ஞாயிறு மதியம். டீ கொதித்தது. ஹிக்மெத் ஒரு பை சூரியகாந்தி விதையோடு வந்து நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தான். எங்கள் மகள் சுனா ரிமோட்டை வைத்துக்கொண்டாள். நான் சாக்ஸிலிருந்து பென் டிரைவை எடுத்தேன்.

"அப்பா, ச்சீ!" என்றாள் சுனா. துடைத்துத்தான் செருகினாள்.

பெரிய டி.வி.யில் என் கல்யாணம் ஓடியது. ஹிக்மெத் விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டே, "இந்த வாத்து யாரு?" என்றான். நான் பொருட்படுத்தவில்லை. பேனா மூடியது. விரிப்பு தூக்கியது. கறுப்பு ஷூ இறங்கியது.

எழுந்து நின்றேன். "சாட்சிகளே! பாத்துக்கோங்க!"

"பாத்தேன்," என்றான் ஹிக்மெத். துக்கத்தோடு சொன்னான். அவன் சட்டைகளின் எதிர்காலம் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

நெர்மின் டீயை வைத்தாள். "சுனா, அதை எடுத்துட்டு இதைப் போடு." ஏப்ரன் பையிலிருந்து இன்னொரு பென் டிரைவ் வந்தது.

"இது ஏது?" என்றேன்.

"போன மாசம் ஃபெரித் ஏத்திக் குடுத்தான். உன்னோடது சாதாரண வேகத்துல ஓடும். இதுல அந்த இடத்தை மட்டும் பெருசாக்கி, மெதுவா ஓட விட்டிருக்கான்."

"போன மாசமா? அப்போ கேஸட்டு கோதுமை மூட்டையில..."

"பின்னே? வேற எங்கே வெச்சா உன் கண்ணுல படும்? சாமான் எங்கே இருக்குன்னு கேட்டா கதவு முன்னாடி நின்னுக்கிட்டே கதவைத் தேடுறவன் நீ. ஒரு ஜாடியையும் உடைச்சாச்சு."

படம் ஊர்ந்தது. வெள்ளை ஷூ திரை முழுக்க வந்தது. சுனா நிறுத்தினாள்.

"அப்பா," என்றாள். "ஷூக்குள்ள கால் இல்லையே."

இல்லை. காலி ஷூ. காலியான ஒரு வெள்ளை ஷூவை அந்த மாப்பிள்ளை நசுக்கு நசுக்கென்று நசுக்குகிறான். பக்கத்தில் கவுன் ஓரத்திலிருந்து சாக்ஸ் போட்ட ஒரு சின்னக் கால் வெளியே வந்தது. அவசரமே இல்லை அதற்கு. என் கறுப்பு ஷூ மேல், புறா வந்து உட்கார்கிற மாதிரி, மெத்தென்று உட்கார்ந்தது. பஞ்சு அடைத்த ஷூவுக்குள் எனக்கு என்ன தெரியும்?

"நீ மிதிச்சது தோலை," என்றாள் நெர்மின். "நான் மிதிச்சது காலை."

ஹிக்மெத் விதையை விழுங்கிவிட்டான். இருமிக்கொண்டே கை தட்டினான். "முப்பத்தாறு வருஷம் பிரேக் மிதிச்ச காலாம்! அந்த மினிபஸ்ஸுல ஏறி இறங்கின நாங்கள்லாம் உயிரோட இருக்கிறதே பெருசு!"

"முப்பத்தோரு வருஷமா ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னேனே. நான்தான் மிதிச்சேன்னு தினம் சொன்னேனே. நீதான் நம்பல."

பிறகு அதே ஏப்ரன் பையிலிருந்து ஒரு சாவி எடுத்து என் கையில் வைத்தாள். மொட்டைமாடிச் சாவி. அங்கே புறாக்கூடு வைக்கக் கட்டடத்தில் குடியிருக்கிற எல்லோரிடமும் போன மாதமே பேசிச் சம்மதம் வாங்கிவிட்டாளாம். ஹிக்மெத்திடமும்தான். அவன் அன்றைக்கு வந்தது சாட்சிக்கல்ல, வேடிக்கைக்கு. "நாப்பத்தெட்டுப் படி. காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. டாக்டர் உன்னை நடக்கச் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு."

மறுநாள் கண்ணாடி போடுகிறவன் அளவு எடுக்க வந்தான். ஷூவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு பால்கனிக்குப் போனான். நான் இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. மனசு ஆறட்டும் என்று அந்த ஷூ மேல் ஒரே ஒரு மிதி மிதித்தேன்.

சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது.

"ருஷ்து, அதுலயும் கால் இல்ல."