குறுக்கே பேசாத அங்கிள்

சிங்கப்பூர் இளையர்களின் மனக்கவலையைத் தீர்த்துவிடுவது என்று 1986ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயில் படியிறங்கும்போது முடிவு செய்தேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக்கடைக்கு மேல்மாடியில் தொலைபேசிச் சேவை ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள், மனசு சரியில்லாத பிள்ளைகள் போன் பண்ணிப் பேசலாம், தமிழ் தெரிந்த தொண்டூழியர்கள் தேவை என்று அன்றைக்குத்தான் அறிவித்திருந்தார்கள். என் பெயர் ஆம்ப்ரோஸ். துறைமுக அலுவலகத்தில் தலைமைக் கிளார்க். யாருக்கு எது சரியில்லை என்றாலும் அரை மணி நேரம் விடாமல் பேசக்கூடியவன். என்னை விட்டால் வேறு யார்?

என் மனைவி அந்தோனியம்மாள் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"அவங்க பேச ஆள் கேட்டாங்களா, கேக்க ஆள் கேட்டாங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

ஒன்றல்ல என்பது பயிற்சியிலேயே தெரிந்துவிட்டது. பயிற்சி கொடுத்த சாயிரா பானு, ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொண்டூழியம் என்றால் தொண்டையால் செய்யும் ஊழியம் என்று நான் நினைத்திருந்தேன். அவருக்குத் தேவைப்பட்டது காது. பிள்ளைகள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது. புத்தி சொல்லக்கூடாது. பெயர் கேட்கக்கூடாது. கேட்டது எதுவும் மாடிப்படியைத் தாண்டக்கூடாது. புதியவர்கள் பேசும்போது அவரும் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு ரிசீவரில் கேட்டுக்கொண்டிருப்பார்.

முதல் சனிக்கிழமை ஒரு பையன் கூப்பிட்டான். கூடப் படிக்கும் பெண் பேச மறுக்கிறாளாம், சாப்பாடு இறங்கவில்லையாம். அவன் வயதில் நான் எப்படி இருந்தேன் என்று தொடங்கினேன். என் கதையில் நான் வேலைக்குச் சேரும் இடம் வருவதற்குள் அவன், "ஓகே அங்கிள், எனக்கு இப்போ பரவாயில்ல" என்று சொல்லி வைத்துவிட்டான். குணமாகிவிட்டான் என்றேன். தப்பித்துவிட்டான் என்றார் சாயிரா பானு. இன்னொரு முறை இப்படி நடந்தால் ரிசீவரைத் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார்.

இதை வீட்டில் அப்படியே சொல்ல முடியுமா? பெரிய பொறுப்பு, கடுமையான விதிமுறைகள் என்று சொல்லி வைத்தேன். அந்தோனியம்மாள் பயற்றங்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு விதியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"குறுக்கே பேசவே கூடாதா?"

"கூடாது."

"யார் போன் பண்ணினாலுமா?"

"யார் பண்ணினாலும்."

"நல்ல வேலைதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். என் தொண்டை மதிக்கிறாள் என்று எனக்கு மகிழ்ச்சி.

எங்களுக்கு ஒரே மகள், பிலோமினா. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. டாக்டர் ஆகப் போகிறாள். இது புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்கத் தெரியும், நான்தான் சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நாளாக அவள் இளைத்திருந்தாள். படிக்கிற பிள்ளை, இளைக்கத்தான் செய்யும் என்றிருந்தேன். சில சமயம், "அப்பா, எனக்கு..." என்று ஏதாவது தொடங்குவாள். அவள் தொடங்கும் வாக்கியங்களை நானே முடித்துவைப்பது வழக்கம். நேரம் மிச்சமாகும்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. எடுத்தேன்.

"ஹலோ அங்கிள். தமிழ்ல பேசலாம்தானே?"

பிலோ. பெற்ற பிள்ளையின் குரல் தெரியாமல் போகுமா? படிக்கிற நேரத்தில் போனில் என்ன வேலை என்று கேட்க வாயைத் திறந்தேன். பக்கத்தில் ரிசீவரோடு இருந்த சாயிரா பானு ஒரு விரலைத் தூக்கினார். வாயை மூடிக்கொண்டேன்.

"சொல்லுங்க" என்றேன். என் மகளிடம் நான் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் சொன்னாள். பரீட்சைத் தாளைப் பார்த்தால் எழுத்தெல்லாம் எறும்பாக ஓடுகிறதாம். ராத்திரி தூக்கமில்லை. காலையில் பஸ் கல்லூரி ஸ்டாப்புக்கு வரும்போது சீட்டை விட்டு எழுந்திருக்க முடியாமல் அப்படியே கடைசி ஸ்டாப்வரை போய், பஸ் இன்டர்சேஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, கல்லூரி விடும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறாளாம். பல நாள் இப்படி. பஸ் எங்கேயும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் தேவலை என்று தோன்றுகிறதாம்.

எனக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆயிரம் வாக்கியங்கள் எழுந்தன. பயிற்சியில் சொல்லிக் கொடுத்த ஒன்றைத்தான் வெளியே விட முடிந்தது.

"வீட்டுல சொன்னீங்களா?"

"அம்மாவுக்குத் தெரியும். அப்பாகிட்டதான் சொல்ல முடியல அங்கிள். அப்பா நல்லவர்தான் லா. பட், நான் ஒரு வார்த்தை சொன்னா அவர் நூறு வார்த்தை சொல்வார். அவர் முடிக்கிறப்போ நான் என்ன சொல்ல வந்தேன்னு எனக்கே மறந்துடும்."

இப்படியும் சில அப்பாக்கள் இருக்கிறார்கள் என்பதுபோல் சாயிரா பானு தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

ரிசீவரை அவரிடம் கொடுத்துவிடுவதுதான் முறை என்று தோன்றியது. காதிலிருந்து எடுக்கப் போனேன். அதற்குள் குரல் வந்தது.

"அங்கிள், வேற யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க. நீங்க நல்லா கேக்குறீங்க."

காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நாளைக்கு யாரும் தன்னை டாக்டர் என்று சொல்லக்கூடாது, அப்புறம் என்ன படிப்பது என்று தானே யோசிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். பிறகு அழுதாள். அழாதே என்று சொல்ல நாக்கு துடித்தது. "நான் இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்தபின், இங்கே அனுபவமுள்ள அம்மா ஒருவர் இருக்கிறார், நேரில் வந்து பேசுகிறீர்களா என்று கேட்டேன். வருகிறேன் என்றாள். "தேங்க்ஸ் அங்கிள்" என்று வைத்தாள்.

சாயிரா பானு என் தோளைத் தட்டினார். இன்றைக்குத்தான் நான் தொண்டூழியன் ஆனேனாம்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். என் டூட்டி நேரம் பிலோவுக்கு எப்படித் தெரியும்? நான் வாயைத் திறக்க முடியாத ஒரே இடம் உலகத்தில் அதுதான் என்று யார் சொல்லிக் கொடுத்தது? கோபம் வந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேட்டது மாடிப்படியைத் தாண்டக்கூடாது. திட்டினால் விதியை மீறினவன் ஆவேன். திட்டாவிட்டால் ஏமாந்தவன் ஆவேன். அந்தக் கடைசி ஸ்டாப்பை நினைத்தபோது இரண்டாவது பரவாயில்லை என்றாகிவிட்டது.

சாப்பாட்டு மேசையில், டாக்டர் பேச்சைக் கொஞ்ச நாள் விட்டுவிடலாம், என்ன படிப்பது என்பதை பிலோவே நிதானமாக யோசிக்கட்டும் என்று அறிவித்தேன்.

"நீங்களாவே யோசிச்சீங்களா?" என்றாள் அந்தோனியம்மாள்.

"நானாவேதான்."

பிலோ என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். அவள் சோறு கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

பிறகு அடுப்படிக்குப் போய், மத்தியானம் வீட்டில் யாராவது போன் பேசினார்களா என்று பட்டும் படாமலும் விசாரித்தேன். உங்க விதிப்படி அதெல்லாம் நீங்க கேக்கக்கூடாது என்றாள் அந்தோனியம்மாள், பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அடுத்த சனிக்கிழமையும் டூட்டிதானே?"

"ஆமா. ஏன்?"

"நானும் கொஞ்சம் பேசணும்."

"அது இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு மட்டும்தான்" என்றேன் கறாராக.

"பரவாயில்ல. என் மனக்கவலை ஆரம்பிச்சப்போ எனக்கு இருபத்தொண்ணுதான்" என்றாள்.