மாயன் கோயிலில் இரண்டரைச் சுற்று

கோயிலைக் கண்ட பிறகு எந்தக் கால்தான் சும்மா நிற்கும்? என் கால் நிற்காது. அதில் எனக்குப் பெருமைதான். வெட்கமெல்லாம் என் மகள் தாரணிக்கு.

அவளுக்கு ஹனோவரில் பல்கலைக்கழக வேலை. மத்திய அமெரிக்கக் காட்டுக்குள் மறைந்து கிடக்கும் பழைய மாயன் நகரங்களைத் தேடுகிறாள். அடுத்த முறை அவளுடைய குழுவின் விமானம் பறக்கலாமா, கூடாதா என்று முடிவெடுக்கும் பெரியவர்கள், நானும் அவளோடு அங்கே போயிருந்த அன்றைக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்குக் காட்டுமுன் காட்டைக் கண்முன்னே கொண்டுவரும், கணினியோடு வயரால் பிணைத்த அந்தப் பெரிய கண்ணாடியை யாராவது மாட்டிப் பார்க்க வேண்டுமாம். நான் தலையைக் கொடுத்தேன். (காஞ்சிபுரம் உடுத்திக்கொண்டு போனவள் பின்னே மூலையிலா நிற்பாள்?)

"விமானத்திலயிருந்து லேசர் வெளிச்சம் விடுறம் அம்மா. இலை இடுக்குக்குள்ளால போய் நிலத்தில பட்டுத் திரும்பி வரும். பிறகு கணினியில மரங்களை எடுத்துவிட்டா நகரம் மட்டும் மிஞ்சும். கதிரையில இருந்து பாருங்கோ."

நான் பறந்தேன். அகதியாக ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தவள், இப்போது இமைக்கவே இல்லை. கீழே பச்சைக் கடல். ஒரு சத்தமும் இல்லை. மெல்ல மெல்ல மரங்கள் புகையாய்க் கலைந்தன. தெருக்கள், குளங்கள், நடுவே படிப்படியாக வானத்துக்கு ஏறும் ஒரு கோயில். எத்தனை காலமாக ஒருவரும் கும்பிடாத கோயிலோ! எழும்பிச் செருப்பைக் கழற்றினேன்.

"அம்மா, இருங்கோ!"

"கோயிலில ஆரடி கதிரையில இருந்து கும்பிடுறது?"

கைகூப்பி வீதி சுற்றினேன். முதல் சுற்றில் காலில் ஏதோ தடக்கியது. வேர் என்று நினைத்தேன். இரண்டாம் சுற்றில் யாரோ ஜெர்மன் மொழியில் முனகினார். பக்தர் என்று நினைத்தேன். மூன்றாவதில் பாதி வழி போயிருப்பேன், தடால்! கோயில் அணைந்துபோனது.

கண்ணாடியைக் கழற்றினால், கணினி நிலத்தில் கிடக்கிறது. வந்தவர்களில் மிக உயரமான மனிதர் முழங்கால்வரை வயர் சுற்றியபடி தூண்போல நிற்கிறார். (கைகூப்பி வருகிறவளைத் தடுக்க மனம் வரவில்லையாம்.) தாரணியின் முகத்தில் இரத்தம் இல்லை.

என்ன நடந்தது என்று அவர் கேட்டார். "அம்மா கோயிலைச் சுற்றினார்" என்றாள் அவள், நிலத்தைப் பார்த்தபடி.

அவர் காலை விடுவித்துக்கொண்டு, தனக்கும் அதைக் காட்டும்படி சொன்னார். நல்லகாலம், கணினிக்கு உயிர் இருந்தது. கண்ணாடியை மாட்டிக் கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் எழும்பி நின்றுவிட்டார்.

விமானம் பறக்க ஓம் என்று சம்மதித்தார்கள், அடுத்த கண்ணாடி வயர் இல்லாததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. எல்லாம் தன் ஆராய்ச்சியால்தான் என்கிறாள் தாரணி. சொல்லட்டும். விடியற்காலையில் கண்ணை மூடினால் நான் இன்னும் அந்தப் பச்சைக் கடலின் மேல்தான். அரைச் சுற்று பாக்கி இருக்கிறது.

வீட்டில் தூசி உறிஞ்சும் மெஷினை வயரோடு இழுத்துக்கொண்டு நான் சோபாப் பக்கம் வந்தாலே போதும், தாரணி இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொள்வாள்.

"அம்மா, நான் சாமி இல்லை. என்னை விட்டிடுங்கோ!"