இடிக்கத் தகுந்த வீடு

தில்லி மாநகரம் மனித குலத்துக்கு வழங்கியிருக்கும் தத்துவங்களில் தலையாயது இது: வீடு என்பது இடிப்பதற்காக வாங்கப்படும் பொருள். மற்ற ஊர்களில் விவரமறியாத மக்கள் இன்னமும் குடியிருப்பதற்காக வீடு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை நாம் மன்னித்துவிடலாம்.

இந்தத் தத்துவத்தை வாழ்ந்து காட்டப் புறப்பட்டவர் கலியமூர்த்தி. மத்திய அரசில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்துத் துணைச் செயலராக ஓய்வுபெற்றவர். கோப்பின் ஓரத்தில் 'கலந்து பேசவும்' என்று எழுதியே பல திட்டங்களைப் பேச்சுமூச்சில்லாமல் ஆக்கிய பெருமை அவருக்கு உண்டு. ஓய்வுக்குப் பிறகு முனிர்காவில் ஒரு வாடகை ஃபிளாட்டில் மனைவி லீலாவதியுடன் இருந்தார்.

லீலாவதிக்கு மயிலாடுதுறைப் பக்கத்தில் அப்பா வழியில் வந்த நிலம் இருந்தது. பக்கத்தில் புறவழிச்சாலை வந்ததும் அது நிலமாக இருப்பதை நிறுத்திக்கொண்டு 'லொகேஷன்' ஆகிவிட்டது. அதை விற்று தில்லியிலேயே வீடு வாங்குவதென்று தீர்மானமாயிற்று. பணம் லீலாவதியுடையது, தீர்மானம் கலியமூர்த்தியுடையது. நல்ல இல்லறத்தில் வேலைப் பங்கீடு இப்படித்தான் இருக்கும்.

பாலம் விமான நிலையத்துப் பக்கத்தில் ஒரு பழைய காலனியில் வீடு கிடைத்தது. இருநூற்றைம்பது கஜ மனை. அதன் நடுவில், பெரிய தாம்பாளத்தில் வைத்த ஒற்றை இட்லிபோல, ஒரு சின்ன வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் ஒரு நாவல் மரம். சுற்றிலும் நான்கு மாடிக் கட்டடங்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன.

லீலாவதி மனையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்று பார்த்தாள்.

"இதுவே போதுங்க. இங்கயே இருந்துடுவோம். எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றாள்.

அந்த ஆசைக்கு ஒரு நிர்வாகப் பின்னணி உண்டு. அரசு ஊழியருக்குப் பதவி உயர்ந்தால் குடியிருப்பின் 'டைப்'பும் உயரும், வீடும் மாறும். மோதி பாகில் அவள் வைத்த கறிவேப்பிலை இடுப்பளவு வளர்ந்தபோது கலியமூர்த்திக்கு முதல் பதவி உயர்வு வந்தது. ஆர்.கே.புரத்தில் முருங்கை பூ வைத்தது, மறுபடி உயர்ந்தார். லோதி ரோட்டில் எலுமிச்சை காய் பிடித்தது, ஓய்வுபெற்றார். தேசத்துக்கு அவர் ஆற்றிய சேவையின் ஒவ்வொரு படியிலும் லீலாவதி வைத்ததை வேறு யாரோ பறித்துச் சமைத்தார்கள். அவள் இதைப் பற்றிப் புகார் செய்ததில்லை. பதவி உயர்வை எதிர்த்து மனைவி புகார் செய்ய விதிகளில் இடமும் இல்லை.

"சரி லீலா, உன் இஷ்டம்" என்றார் கலியமூர்த்தி. மனமாரத்தான் சொன்னார். அதிகாரிகள் பொய் சொல்வதில்லை, நிலைமைதான் பிற்பாடு மாறிவிடுகிறது.

பத்திரப் பதிவின்போது அவருடைய நிர்வாகத் திறமை மீண்டும் ஒருமுறை ஒளிவிட்டது. தில்லியில் பெண் பெயரில் பதிந்தால் முத்திரைத் தீர்வையில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் குறைவு. உடனே முழு வீட்டையும் மனைவி பெயரில் பதிந்தார். லீலாவதி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, காமிராவைப் பார்க்கச் சொன்னபோது பார்த்தாள்.

"மகளிர் முன்னேற்றம் நம்ம வீட்லேருந்துதான் ஆரம்பிக்கணும்" என்று காலை நடையில் நண்பர் ஸ்ரீநிவாஸிடம் அறிவித்தார்.

ஸ்ரீநிவாஸ் நின்று கைகுலுக்கினார். "ரொம்ப சந்தோஷம் சார். எப்ப இடிக்கிறீங்க?"

கலியமூர்த்தி திகைத்துப்போனார். அன்று மாலைக்குள் பால் பூத்காரர், மருந்துக் கடைக்காரர், மேல்மாடி வங்கி மானேஜர் மூவரும் வாழ்த்திவிட்டு அதையே கேட்டார்கள். எப்போது குடிபோகிறீர்கள் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. தலைநகரின் பண்பாடு அப்படி.

"இல்ல, அதுலயே இருக்கலாம்னு..." என்று மானேஜரிடம் இழுத்தார்.

மானேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏன் சார், வீட்ல ஏதாவது கஷ்டமா?"

அந்த அனுதாபம் கலியமூர்த்தியைக் குடைந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு அறை என்பது 'டைப்' இரண்டு. டைப் ஐந்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மனிதன் டைப் இரண்டில் போய் உட்கார்வதா? அதற்கு என்ன பெயர்? ஓய்வுக்குப் பிறகு பதவி இறக்கம். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனவே 'இல்ல எதிர்கால ஆய்வுக் குழு' உதயமாயிற்று. தலைவர் கலியமூர்த்தி. உறுப்பினர், குருகிராமில் வேலை பார்க்கும் மகன் ஸ்ரீதர். சிறப்பு அழைப்பாளர், பழைய வீட்டை இடித்து மாடி எழுப்பித் தரும் பில்டர் பத்ரா. போண்டா பொறுப்பு, லீலாவதி.

கூட்டம் முனிர்கா ஃபிளாட்டில் நடந்தது. தற்போதைய கட்டடத்தின் நிலை குறித்து அழைப்பாளர் கருத்துச் சொல்லலாம் என்று தலைவர் இந்தியில் தொடங்கிவைத்தார்.

"கட்டடமா?" பத்ரா உண்மையாகவே குழம்பினார். "அங்கிள்ஜி, அங்கே கட்டடம் இருந்ததா? நான் கவனிக்கவில்லையே. நான் 'பொடென்ஷியலை'த்தான் பார்த்தேன்."

இப்படிப்பட்ட தொலைநோக்குப் பார்வை கண் டாக்டர்களுக்கே அபூர்வம். திட்டத்தை அவர் விளக்கினார். மனை உங்களுடையது, செலவு என்னுடையது. கீழே கார் நிறுத்தம், மேலே நான்கு மாடி, லிஃப்ட். முதல் இரண்டு மாடி எனக்கு, மேல் இரண்டு உங்களுக்கு. இதற்கு 'கொலாபரேஷன்' என்று பெயர்.

"பிரமாதம்ப்பா. இப்ப பூரா ஜாகாவும் பேகாரா, சும்மா கிடக்கு" என்றான் ஸ்ரீதர். தில்லியில் பிறந்த பிள்ளை. தமிழ் தட்டுப்பாடான இடத்தில் இந்தியை வைத்து ஒட்டிக்கொள்வான்.

லீலாவதி போண்டாத் தட்டை வைத்துவிட்டு நின்றாள். "நாம அந்த வீட்ல இருக்கறதாத்தானே பேச்சு?"

"இருக்கப்போறோமே. அதே அட்ரஸ்தான்" என்றார் கலியமூர்த்தி. "உனக்கு நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கு."

"மரம்?"

"மரமும் இருக்கும்மா, இதோ" என்று ஸ்ரீதர் பத்ராவின் வண்ணப்படத்தை நீட்டினான். வாசலில் தொட்டிக்குள் ஒரு குட்டைப் பனை நின்றது. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நாயோடு நடந்துகொண்டிருந்தார்கள்.

"இவங்க யாரு?"

"யாருமில்லம்மா. கம்ப்யூட்டரே போட்டுக்கறது."

"அச்சா. அவங்களுக்குக்கூடத் தரையில எடம் இருக்கு" என்று சொல்லிவிட்டு லீலாவதி உள்ளே போனாள்.

கூட்டக் குறிப்பில் கலியமூர்த்தி தம் கைப்பட எழுதினார்: 'முடிவு ஒருமனதாக எட்டப்பட்டது. இல்லத்தரசிக்குத் தெரிவிக்கப்பட்டது. ஆட்சேபம் ஏதும் பெறப்படவில்லை.' கேட்டால்தானே பெறுவதற்கு?

லீலாவதிக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் காலை ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, "அந்த வீட்டைக் கொஞ்சம் பெருக்கிட்டு வரேங்க" என்றாள். இடிக்கப்போகிற வீட்டைப் பெருக்குவானேன் என்று கலியமூர்த்திக்குத் தோன்றியது. இருந்தாலும் பெருந்தன்மையோடு அனுமதி வழங்கினார். துடைப்பத்தோடு ஒற்றை பர்னர் அடுப்பும், ஒரு பாயும், அரிசிப் பையும் ஆட்டோவில் ஏறியதை அவர் கவனிக்கவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. "தண்ணி நல்லா வருதுங்க. பால் காய்ச்சிட்டேன். நான் இங்கயே இருக்கேன். குழம்பு ஃப்ரிஜ்ல இருக்கு."

காவலாளி வைக்கும் செலவு மிச்சம் என்று கலியமூர்த்தி திருப்தியடைந்தார். ஆனால் மூன்றாம் நாள் குழம்பு தீர்ந்துபோயிற்று. காலையில் தானே காபி கலந்து குடித்துப் பார்த்தார். எந்தக் கோப்பிலும் அவர் சந்தித்திராத சிக்கலாக இருந்தது.

நல்ல நாள் பார்த்து ஒப்பந்தத்தோடு பத்ரா வந்தார். ஸ்ரீதர் லட்டு வாங்கி வந்திருந்தான். கலியமூர்த்தி பேனாவைத் திறந்தார். அதுவரை மனையின் பொடென்ஷியலை மட்டுமே பார்த்துவந்த பத்ரா, முதன்முறையாகப் பத்திரத்தைப் பார்த்தார்.

"அங்கிள்ஜி, மாலிக், அதாவது சொந்தக்காரர், யார்?"

"நான்தான்."

"இதில் ஆன்ட்டிஜி பெயரல்லவா இருக்கிறது?"

"அது ஸ்டாம்ப் டியூட்டிக்காக."

"அப்படியானால் கையெழுத்து?"

"அதையும் அவளே போடுவாள். வெறும் சம்பிரதாயம்" என்றார் கலியமூர்த்தி. மூவரும் லட்டோடு ஸ்ரீதரின் காரில் ஏறினார்கள்.

வீட்டைப் பார்த்ததும் டிரைவர் சீட்டிலிருந்த ஸ்ரீதர் தெருவையே மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகப்பட்டான். கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தது. வாசலில் கோலம். கொடியில் புடவை காய்ந்தது. உள்ளே புதுச் சுண்ணாம்புச் சுவரில் பெரிய ஆணி அடித்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், காலண்டர் மாட்டியிருந்தது. லீலாவதி புடவையைச் செருகிக்கொண்டு பாத்தி கொத்திக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. தமது பதவி உயர்வுகள் எதிலும் அதைப் பார்த்ததாகக் கலியமூர்த்திக்கு நினைவில்லை. அது அவருக்கு என்னவோ போலிருந்தது.

கை கழுவிக்கொண்டு வந்து எல்லோருக்கும் காபி கொடுத்தாள். பத்ரா பாயில் சம்மணம் போட்டுக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். கலியமூர்த்தியும் கேட்க நினைத்து, தலைவர் என்ற முறையில் அடக்கிக்கொண்டார்.

லீலாவதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

"அதுல என்ன படிக்கறே? நான்தான் படிச்சுட்டேனே."

"படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதேன்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்களே" என்று கடைசிப் பக்கம் வரை படித்தாள். பிறகு நாலாக மடித்து லட்டுப் பெட்டியின் மேல் வைத்தாள். "போட மாட்டேங்க."

ஒரு விமானம் தலைக்கு மேல் இறங்கிப் போயிற்று. அதற்குள் கலியமூர்த்தி தம் வாதத்தைத் திரட்டிவிட்டார்.

"லீலா, நிதானமா யோசி. முழுச் சொத்தையும் உன் பேர்ல எழுதி வெச்சேன். ஒரு கஜம்கூட எனக்குன்னு வெச்சுக்கல. பொண்டாட்டிக்கு இப்படிச் செய்யற ஆம்பளை இந்த தில்லியில எத்தனை பேரு?"

"ஆமாம்மா. அப்பா மாதிரி யாரும்மா செய்வாங்க?" என்றான் ஸ்ரீதர்.

பேச்சு புரியாவிட்டாலும் சூழ்நிலை புரிந்த பத்ரா, தெய்வத்தைக் கும்பிடுவதுபோல இரண்டு கைகளையும் கூப்பினார். "அங்கிள்ஜி தேவ்தா ஹை."

லீலாவதி மறுக்கவில்லை. காலி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

"வாஸ்தவந்தாங்க. என் பேர்லதான் இருக்கு. முப்பது வருஷத்துக்கு மேல உங்க பேர்ல கொடுத்த வீட்லயெல்லாம் நான் குடியிருந்தேன். ஒண்ணையாவது இடிக்கச் சொன்னேனா?"